ஸ்டீல் ஸ்ட்ரா வாங்குவதற்கு முன்னால்

துபாயில் பிளாஸ்டிக் ஸ்ட்ரா சட்டப்படி செத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2025 ஜனவரி 1ஆம் தேதி ஸ்ட்ரா, கலக்கும் குச்சி, தெர்மோகோல் டப்பா, மேஜை விரிப்பு என்று ஒரு கூட்டமே விடைபெற்றது. மீறும் கடைக்கு 200 திர்ஹம் அபராதம். ஒரு வருடத்துக்குள் மறுபடி மாட்டினால் இரட்டிப்பு, உச்சவரம்பு 2000. இப்போது 2026 ஜனவரி 1 முதல், 2022இல் வந்த அமைச்சக ஆணை எண் 380இன்படி, அமீரகம் முழுவதுக்கும் அதே கதை: ஸ்ட்ரா, கப், கப் மூடி, தட்டு, ஸ்பூன், ஃபோர்க். பிளாஸ்டிக் பைக்கு அபுதாபி 2022 ஜூனிலேயே முடிவு கட்டியது. துபாய் அதே வருடம் ஜூலையில் ஒரு பைக்கு 25 ஃபில்ஸ் வசூலிக்க ஆரம்பித்து, 2024இல் தடையில் கொண்டுவந்து நிறுத்தியது. ஓமன் இவர்களுக்கும் முன்னால், 2021இலேயே. கத்தாரும் 2022 நவம்பரில் சேர்ந்துகொண்டது.

சட்டம் நல்லது. அதில் எனக்குச் சண்டை இல்லை. சட்டம் வந்த பிறகு நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

நம்மாட்களில் இரண்டு கட்சி உருவாகியிருக்கிறது. ஒன்று புலம்பல் கட்சி. "காகித ஸ்ட்ராவ வச்சு அவகாடோ ஜூஸ் குடிக்க முடியுமாங்க? பாதி கிளாஸ் காலியாகறதுக்குள்ள கூழாயிடுது." இன்னொன்று ஷாப்பிங் கட்சி. இவர்கள் ஆன்லைனில் ஸ்டீல் ஸ்ட்ரா செட் வாங்கிவிட்டார்கள். நேர் ஸ்ட்ரா இரண்டு, வளைந்தது இரண்டு, கழுவ ஒரு பிரஷ், போட்டு வைக்க ஒரு துணிப் பை. பிள்ளைகளின் பிறந்தநாள் விழாக்களில் ரிட்டர்ன் கிஃப்டாகவும் இதைக் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டுச் சமையலறை டிராயரில் இப்படி நான்கு செட் இருக்கிறது. அதில் ஒன்று அலுவலகத்தில் கொடுத்தது. 2023ஐ அமீரகம் 'நிலைத்தன்மை ஆண்டு' என்று அறிவித்திருந்தது, அந்த வருடக் கடைசியில் எக்ஸ்போ சிட்டியில் காப் 28 மாநாடும் நடந்தது. ஊரே பச்சையாக இருந்த அந்த நேரத்தில் ஊழியர் எல்லோருக்கும் மேஜைக்கு மேஜை ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒவ்வொரு ஸ்ட்ராவும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில்!

பொறியியல் படித்த தோஷம், இந்த மாதிரி விஷயத்தில் கை கால்குலேட்டரைத் தேடும். வீட்டுச் சமையல் தராசில் ஸ்டீல் ஸ்ட்ராவை வைத்தால் பத்து கிராமைத் தாண்டுகிறது. பிளாஸ்டிக் ஸ்ட்ராவை வைத்தால் தராசுக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியவில்லை, அரை கிராம்கூட இருக்காது. எஃகு உருக்குவது சும்மா நடக்கும் காரியம் இல்லை. அமெரிக்காவில் ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள்: ஒரு ஸ்டீல் ஸ்ட்ரா செய்ய ஆகும் ஆற்றல், சுமார் நூறு பிளாஸ்டிக் ஸ்ட்ரா செய்ய ஆகும் ஆற்றல். கரியமில வாயுவைப் பார்த்தால் சுமார் நூற்றைம்பது. அதாவது அந்த ஒரு ஸ்ட்ராவை நூற்றைம்பது தடவையாவது எடுத்துப்போய், குடித்து, கழுவி, திரும்பக் கொண்டுவந்தால்தான் வாங்கியதற்கு அர்த்தம். கழுவும் தண்ணீர் தனி. இந்த ஊரில் குழாயில் வரும் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிராயரில் தூங்கும் நான்கு செட்டில் எத்தனை நூற்றைம்பதுகள் பாக்கி என்று கணக்குப் போட நான் தயாராக இல்லை.

காகித ஸ்ட்ரா பக்கம் போனால் அங்கே வேறு சிக்கல். காகித ஸ்ட்ரா ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பேசுகிறார்கள். உண்மையில் அதுதான் மூத்தது. 1888இல் வாஷிங்டனில் மார்வின் ஸ்டோன் என்பவர் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் ரை புல் தண்டில் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள், ஸ்ட்ரா என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். ஸ்டோனின் காகிதக் குழல் கூழாகாமல் இருக்க மெழுகு பூசினார்கள். இன்றைக்கு என்ன பூசுகிறார்கள்? பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில் 39 பிராண்டு ஸ்ட்ராக்களைச் சோதித்தார்கள். காகித ஸ்ட்ரா 20இல் 18இல் பிஃபாஸ் என்னும் அழியா வேதிப்பொருள் இருந்தது. மூங்கில் 5இல் 4இல் இருந்தது. ஸ்டீல் ஐந்தில் ஒன்றில்கூட இல்லை. அளவு மிகக் குறைவு, பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் அவர்களும் சொன்னார்கள். ஆனாலும் கடையில் 'இயற்கையானது, மக்கக்கூடியது' என்று எழுதி விற்பதை நம்பி மூங்கிலுக்குத் தாவியவர்களுக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் வேண்டும். மக்காச்சோள மாவில் செய்தது என்று ஒன்று வருகிறதே, அதுவும் தொழிற்சாலை உரக்கிடங்கின் சூட்டில்தான் ஒழுங்காக மக்கும். ஜுமைரா கடற்கரை மணலில் கிடந்தால் அதுவும் பிளாஸ்டிக் மாதிரியேதான் கிடக்கும்.

இவ்வளவு பாடும் எதற்காக? கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் ஸ்ட்ராவின் பங்கு எடைக் கணக்கில் ஒரு சதவீதத்தில் நூறில் சில பாகம். 2015இல் கோஸ்டா ரிகாவில் ஆமை மூக்கிலிருந்து ஸ்ட்ராவைப் பிடுங்கும் காணொளி உலகம் சுற்றியது, அதற்குப் பிறகு ஸ்ட்ரா ஒரு வில்லன் ஆகிவிட்டது. இங்கே நம் பக்கத்து ஆமைகளையும் பார்த்திருக்கிறார்கள். ஷார்ஜாவின் கிழக்குக் கரையில் ஒதுங்கிய ஆமைகளின் வயிற்றைத் திறந்து பார்த்து 2021இல் வெளியான ஆய்வில், இறந்த பச்சை ஆமைகளில் 75 சதவீதமும் பெருந்தலை ஆமைகளில் 57 சதவீதமும் கடல் குப்பையைத் தின்றிருந்தன. பை, பாட்டில் மூடி, கயிறு, வலை. பாலைவனத்தில் ஒட்டகங்கள் கதி இன்னும் மோசம். துபாய் கால்நடை ஆய்வகத்தின் விஞ்ஞானியும் சேர்ந்து எழுதிய ஆய்வு ஒன்று, 2008இலிருந்து பரிசோதித்த 30,000 செத்த ஒட்டகங்களில் 300 ஒட்டகங்களின் குடலில் பிளாஸ்டிக் கட்டியாக இறுகிக் கிடந்ததைப் பதிவு செய்தது. மிகப் பெரிய கட்டி 64 கிலோ. ஒரு ஆள் எடை! அதில் முக்கியமாக இருந்தது பையும் கயிறும். ஸ்ட்ரா இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரா செய்யும் பாலிப்ரோப்பிலீன் எங்கேயோ வானத்திலிருந்து விழுவதில்லை. ருவைஸில், ஜுபைலில், நம் ஊர்ப் பையன்கள் ஷிஃப்ட் பார்க்கும் ஆலைகளிலிருந்துதான் அந்தக் குருணைகள் மூட்டை மூட்டையாகக் கப்பலேறுகின்றன. தடைச் சட்டத்திலேயே ஏற்றுமதிக்குச் செய்யும் பொருட்களுக்கு விலக்கு உண்டு. பிளாஸ்டிக் உற்பத்திக்கே உச்சவரம்பு வேண்டும் என்ற உலக ஒப்பந்தப் பேச்சு 2024 கடைசியில் பூசானிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடிவு எட்டாமல் கலைந்தது. எண்ணெய் நாடுகள்தான் முட்டுக்கட்டை என்று அப்போது எழுதாத பத்திரிகை இல்லை. சம்பளம் வாங்கும் ஊரைப் பற்றி இதற்கு மேல் நான் என்ன எழுத? ஜூஸ் குடிப்பவன் கையில் பொறுப்பு முழுவதையும் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது வசதியான ஏற்பாடு என்பது தெரிந்தால் போதும்.

அதற்காக 'அப்ப நாம என்ன செஞ்சாலும் ஒண்ணும் ஆகாது' என்ற முடிவுக்கும் நான் வரவில்லை. ஸ்ட்ராவை எதனால் செய்வது என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. ஸ்ட்ரா யாருக்கு வேண்டும்?

என் அப்பாவுக்கு வேண்டும். அவருக்குப் பல வருடமாகக் கை நடுக்கம். போன குளிர்காலத்தில் விசிட் விசாவில் வந்து மூன்று மாதம் எங்களோடு இருந்தார். டம்ளரைத் தூக்கினால் வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில். மேஜையில் கப்பை வைத்து, வளையும் ஸ்ட்ரா போட்டால் யார் உதவியும் இல்லாமல் குடிப்பார். ஒரு உணவகத்தில் டீக்குக் காகித ஸ்ட்ரா கொடுத்தார்கள். இரண்டாவது உறிஞ்சலில் நுனி ஒட்டிக்கொண்டது. வளைக்கப் பார்த்தார், மடிந்து உடைந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, "எனக்கு டீ வேணாம்பா, நீங்க குடிங்க" என்று கப்பைத் தள்ளிவைத்தார். டீ வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. ஸ்டீல் ஸ்ட்ராவையும் வீட்டில் முயற்சி செய்தோம். சூடு நேராக உதட்டுக்கு ஏறுகிறது. நடுங்கும் கைக்கும் பல்லுக்கும் நடுவே இரும்புக் குழாய் என்பதே சரிப்படவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கும் இதே ஆபத்து உண்டு. 2016இல் ஸ்டார்பக்ஸ் தன் ஸ்டீல் ஸ்ட்ராக்களை, குழந்தைகளின் வாயில் வெட்டுக்காயம் ஏற்பட்டதாகப் புகார் வந்ததால், இருபத்தைந்து லட்சம் எண்ணிக்கை திரும்பப் பெற்றது. கடைசியில் சிலிக்கான் ஸ்ட்ரா ஒத்துவந்தது. மெத்தென்று இருக்கும், கடிக்கலாம், வளையும், சூட்டைக் கடத்தாது. வாங்கியதில் நூற்றைம்பது தடவையைத் தாண்டிய ஒரே மறுபயன்பாட்டு ஸ்ட்ரா எங்கள் வீட்டில் அதுதான். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, மூன்று மாதம், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

வளையும் ஸ்ட்ராவின் வரலாற்றைப் பார்த்தால் அது பிறந்து முதலில் போன இடமே ஆஸ்பத்திரிதான். 1930களில் சான் பிரான்சிஸ்கோவில் ஜோசப் ஃப்ரீட்மன் தன் சின்ன மகள் உயரமான கிளாஸில் ஸ்ட்ராவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து அதில் மடிப்பு வைத்தார். 1937இல் காப்புரிமை. முதல் விற்பனை 1947இல், ஒரு மருத்துவமனைக்கு. படுத்துக்கிடப்பவர் குடிக்க வேண்டுமே, அதற்கு. பிறகுதான் அது ஓட்டல், தியேட்டர் என்று எல்லோருக்கும் பரவியது. அதாவது தேவைப்பட்டவருக்காக வந்த சாமான் தேவையில்லாத கோடிப் பேர் கைக்குப் போய், குப்பையாகி, அந்தக் குப்பையின் பேரால் இப்போது தேவைப்பட்டவரிடமிருந்து பிடுங்கப்படுகிறது. இங்கிலாந்தில் 2020 அக்டோபரில் தடை கொண்டுவந்தபோது இதற்கு ஒரு வழி வைத்தார்கள். மருந்துக்கடையில் விற்கலாம், உணவகத்தில் கேட்டால் கொடுக்கலாம், கேட்பவரிடம் காரணம் விசாரிக்க வேண்டாம். அதிகச் செலவில்லாத நாகரிகம். அப்படி ஒரு வாசல் எந்த ஊர்த் தடையிலும் பளிச்சென்று எழுதியிருக்க வேண்டும். கடைப் பையனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அபராதத்துக்குப் பயந்து அவன் கையை விரித்தால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

சரி, மற்ற நமக்கு? நல்ல கையும் நல்ல வாயும் உள்ள நமக்கு?

நாம் அண்ணாந்து குடிக்கும் ஜாதி. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, கொஞ்சம் பொறுங்கள். ஸ்ட்ராவும் யூஸ் அண்ட் த்ரோ கப்பும் மேற்கில் பரவியதற்குச் சுத்தம் ஒரு பெரிய காரணம். ரயில் நிலையத்திலும் பள்ளியிலும் ஒரே தகரக் குவளையில் ஊரே வாய் வைத்துக் குடித்து, காசநோய் பரவுகிறது என்று பயந்து, 1909இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் பொதுக்குவளையைத் தடை செய்தது. காகிதக் கப் வியாபாரம் அந்த அலையில்தான் தூக்கியது. அதே பிரச்சினை நமக்கும் இருந்தது. நாம் அதைத் தீர்த்த விதம் வேறு: விளிம்பில் வாய் படாமல் தூக்கி ஊற்றுவது. ஒரு சொம்பில் பத்துப் பேர் குடிக்கலாம், எச்சில் படாது. பொருள் எதையும் மாற்றவில்லை, பழக்கத்தில் தீர்த்தோம். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இது வராது. ஊருக்குப் போனால் பாட்டி வீட்டில் சொம்பைத் தூக்கி மூக்கில் ஊற்றிக்கொண்டு இருமுவார்கள். ஒரு லீவில் கற்றுக்கொடுத்துவிடலாம், நீச்சலைவிட எளிது.

ஆனால் அதே எச்சில், அதே தீட்டு என்ற கணக்குதான் டீக்கடையில் இரட்டைக் குவளையாகவும் நின்றது. ஒரு சாராருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொரு சாராருக்குத் தனியாகத் தேங்காய்ச் சிரட்டை அல்லது நசுங்கிய அலுமினியம், அதையும் குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். அதற்கு எதிராகப் போராட்டங்கள் நடந்து, வழக்குப் பாயும் என்ற நிலை வந்த பிறகு பல கடைகளில் எல்லோருக்கும் யூஸ் அண்ட் த்ரோ கப் வந்தது. சில கடைகளில் தலித்துகளுக்கு மட்டும் அந்தக் கப், மற்றவர்களுக்குப் பழைய டம்ளர் என்று சாதி புது வேஷம் போட்டதும் செய்திகளில் வந்தது. அதனால் 'பழையபடி எல்லாரும் டம்ளருக்குப் போவோம்' என்று ஏசி அறையில் இருந்து எழுதும்போது ஒரு நிமிடம் யோசிக்கிறேன். எறியும் கப் சிலருக்குக் குப்பை, சிலருக்கு அது அவமானத்திலிருந்து விடுதலை. டம்ளருக்குப் போகலாம், ஒரே டம்ளர், ஒரே கழுவும் தொட்டி என்றால் மட்டும். வளைகுடாவின் ஒரு நல்ல விஷயம், கபடேரியாவில் உங்கள் டம்ளர் யாருடையதாக இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. பதான், பெங்காலி, மலையாளி, தஞ்சாவூர்க்காரர், எல்லோருக்கும் அதே கிளாஸ்.

இந்த ஊருக்கும் தன் வழி இருக்கிறது. வில்லாக்களின் காம்பவுண்டுச் சுவர் ஓரத்திலும் மசூதி வாசலிலும் ஒரு தண்ணீர் கூலர் நிற்கும், சபீல் என்பார்கள். போகிறவர் வருகிறவர், தோட்டக்காரர், டெலிவரி பைக்காரர், யாரும் குடிக்கலாம். பல இடத்தில் பக்கத்தில் ஒரு ஸ்டீல் டம்ளர் சங்கிலியில் கட்டித் தொங்கும். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலில் பானை மேல் கட்டிய டம்ளரும் சங்கிலியில்தான் தொங்கியது. 2022இல் துபாய் அரசு 'துபாய் கேன்' என்று பாட்டிலில் தண்ணீர் நிரப்பும் நிலையங்களைப் பூங்காவிலும் கடற்கரையிலும் வைக்க ஆரம்பித்தபோது எனக்குச் சபீலின் பேரப்பிள்ளை மாதிரிதான் தெரிந்தது. ஜூன் 15இலிருந்து செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. அந்த வெயிலில் நிற்பவர் கையில் ஐஸ் போட்ட பெரிய கூலர் ஜாடியைத்தான் நான் பார்க்கிறேன், இரண்டு மூன்று வருடம் உழைத்த, பெயர் எழுதிய ஜாடி. மறுபயன்பாடு பற்றி அவருக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

வகுப்பு தேவைப்படுவது காருக்குள் இருக்கும் நமக்கு. சாயங்காலம் கராமாவிலோ குசைஸிலோ கபடேரியா வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு ஹாரன். பையன் ஓடி வருவான். "நாலு கரக், ஒரு லெமன் மின்ட்." நாலு காகிதக் கப், ஒரு பெரிய கப், மூடி, ஸ்ட்ரா. ஐந்து நிமிடத்தில் குடித்து முடித்து, கப்பைக் கப்புக்குள் சொருகி, குப்பைத் தொட்டி கண்ணில் படும்வரை காருக்குள்ளேயே வைத்துக்கொண்டு சுற்றுவோம். காகிதக் கப்புக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, இல்லாவிட்டால் டீ நிற்காது. இறங்கி உள்ளே போய் நின்றால் அதே கரக் கண்ணாடி கிளாஸில் கிடைக்கும். ருசியும் கூடத்தான். இறங்காததற்குக் காரணம் வெயில் என்போம். ஜனவரியிலும் நாம் இறங்குவதில்லை.

நான் வழக்கமாகப் போகும் கடையின் மலையாளிச் சேட்டனிடம் இதைப் பற்றிப் பேசினேன். "கிளாஸ் கொடுக்க எனக்கென்ன கஷ்டம்? கழுவ ஒரு ஆள் கூட வேணும். அந்த ஆளுக்கு விசா, ரூம், சாப்பாடு. கப் விலை அதுக்கு முன்னாடி ஒண்ணுமில்ல" என்றார், பாதி மலையாளத்தில். இதுதான் உண்மையான தடை. ஸ்ட்ரா எதனால் செய்தது என்ற ஆராய்ச்சி எல்லாம் இதற்கு அப்புறம்தான். நம் கப்பை நாமே கொண்டுபோனால் அவருக்குக் கழுவும் செலவும் இல்லை, கப் செலவும் இல்லை. என் காரில் இரண்டு ஸ்டீல் டம்ளர் கிடக்கிறது. முதல் நாள் பையன் சிரித்தான். இப்போது வண்டி நம்பர் தெரிந்ததும் ஜன்னலில் கை நீட்டி டம்ளரைக் கேட்கிறான். விலையில் ஐம்பது ஃபில்ஸ் குறைக்கச் சொல்லிப் பார்த்தேன், அது மட்டும் நடக்கவில்லை.

ஊரிலும் இதேதான் நடந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14க்குத் தடை வந்தபோது உறிஞ்சுகுழலும் பட்டியலில் இருந்தது. இந்தியா முழுவதும் 2022 ஜூலையில் தடை வந்தபோது, பெட்டியில் ஜூஸ் விற்கும் பெரிய கம்பெனிகள் பெட்டியில் ஒட்டிய குட்டி ஸ்ட்ராவுக்காக அவகாசம் கேட்டு டெல்லிக்கு எழுதின. இளநீர்க்காரர் யாருக்கும் எழுதவில்லை. சிலர் பப்பாளி இலைக் காம்பை வெட்டிக் கொடுத்தார்கள். பலர் வாயைக் கொஞ்சம் அகலமாகச் சீவி, "அப்படியே தூக்கிக் குடிங்க சார்" என்றார்கள். சட்டையில் நாலு சொட்டு விழும். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு இயக்கம் ஆரம்பித்ததும் இதே தர்க்கம்தான், ஏற்கெனவே நம்மிடம் இருந்ததை மறுபடி கையில் எடுப்பது. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க தூக்குவாளி எடுத்துப்போனவர்கள்தானே நாம்.

நம் சங்க விழாக்களை நினைத்தால்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வாழையிலை வரவழைப்போம், வேட்டி கட்டுவோம், பறை அடிப்போம். பந்தி ஓரத்தில் 200 மில்லி தண்ணீர் பாட்டில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும், பாதி குடித்து மூடி திறந்தபடி முந்நூறு பாட்டில் மேஜையில் அனாதையாக நிற்கும். ஸ்ட்ராவைத் தடை செய்த சட்டம் இந்தக் குட்டி பாட்டிலைத் தொடவில்லை. ஒரு பாட்டில் எத்தனை ஸ்ட்ரா எடை என்று தராசில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பொங்கலுக்கு எங்கள் பில்டிங்கும் பக்கத்து இரண்டு பில்டிங்கும் சேர்ந்து கூடியபோது, வாட்ஸ்அப் குழுவில் நான்கு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு, பாட்டில் வேண்டாம் என்று முடிவானது. பர்துபாய் பாத்திரக் கடையில் 160 ஸ்டீல் டம்ளர், ஒன்று இரண்டு திர்ஹம், 320. ஐந்து காலன் தண்ணீர் கேன் எட்டு. கழுவுவதற்கு ஆண்கள் மட்டும் என்று பெண்கள் நிபந்தனை போட்டார்கள், நியாயம்தான். மூன்று பேர் மூன்று பந்திக்கும் மாறி மாறி நின்றோம். கை நடுக்கமுள்ள பெரியவர்கள் இருவர் வந்திருந்தார்கள், அவர்களுக்குச் சிலிக்கான் ஸ்ட்ரா நான் கொண்டுபோயிருந்தேன். ஒருவர் வாங்கிக்கொண்டார், இன்னொருவர் "பேத்தி குடுப்பா" என்று விட்டார். பிள்ளைகளுக்குள் யார் சிந்தாமல் அண்ணாந்து குடிப்பது என்று போட்டி வந்து தரை முழுக்க ஈரம்.

இரவு எண்ணிப் பார்த்தோம், 153 இருந்தது. ஏழு டம்ளர் யார் வீட்டுக்குப் போனதோ தெரியவில்லை. மீதி ஒரு பெட்டியில் எங்கள் ஃபிளாட் பால்கனியில் இருக்கிறது. சித்திரைக்கு வேறு குழுவினர் யாராவது கேட்டால் கொடுப்பதாக இருக்கிறோம், கழுவித் திருப்பித் தர வேண்டும், எண்ணித்தான் வாங்குவோம்.